கார்பன் மை: ஷேடோ நியூட்ரல், ஹைலைட் வார்ம். டோனர் விகிதம் என்ன?

கேள்வி (சாம்பல்நிறம்):
ஆறு கார்ட்ரிட்ஜ் எப்சன், ரீஃபில் செட். நான்கு சேனலில் மேட் கார்பன் கறுப்பும் அதன் மூன்று நீர்த்த கலவைகளும். காட்டன் மேட் பேப்பர், குவாட்டோன் ரிப் (QuadTone RIP, ஒவ்வொரு சேனலின் மை அளவையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) வழியாகக் கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட். கறுப்பு நன்றாக இருக்கிறது, மிட்டோன் மட்டும் பழுப்படிக்கிறது. பிக்மென்ட் சயானும் மெஜந்தாவும் சம அளவு கலந்து டோனராக (சாம்பலின் நிறச் சாயலைத் திருத்தும் மையாக) போட்டால் 40% சாம்பலில் ஊதா தட்டுகிறது. ஆறாவது சேனலில் ஹைலைட்டுக்கு (படத்தின் வெளிச்சமான பகுதிகளுக்கு) வார்ம் டோனர், அதாவது பழுப்புச் சாயல் தருவது, போடலாமா?

கர்வ்காரர்:
ஊதா வரத்தான் செய்யும். கார்பனில் பி* (லேப் நிற அளவில் பிளஸ் மஞ்சள், மைனஸ் நீலம்) மட்டுமல்ல, ஏ*-வும் (பிளஸ் சிவப்பு, மைனஸ் பச்சை) கொஞ்சம் பிளஸ் பக்கம்தான். மெஜந்தா அந்த ஏ*-வை இன்னும் ஏற்றிவிடும். சயான் இரண்டையும் சேர்த்தே இறக்கும். மெஜந்தா பச்சை தட்டாமல் பிடித்துக்கொள்ள மட்டும். சயான் 3 பங்கு, மெஜந்தா 1 பங்கு, பேஸ் (நிறமில்லாத மைத் திரவம்) 12 பங்கு என்று ஆரம்பியுங்கள். 21 படி வெட்ஜ் (வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியான சோதனைப் பட்டை) அடித்து, ஒரு இரவு உலரவிட்டு அளந்து பாருங்கள். ஏ* மைனஸ் போனால் மெஜந்தாவைத் துளித்துளியாகக் கூட்டலாம். பி* இன்னும் பிளஸ் என்றால் விகிதத்தைத் தொடாமல் கர்வில் (எந்த டோனுக்கு எவ்வளவு மை என்ற ரிப் அமைப்பில்) டோனர் அளவை ஏற்றுங்கள்.

வார்ம் டோனர் வேண்டவே வேண்டாம், கார்பனே வார்ம்தானே! ஒரே மையில் இரண்டு கர்வ்: ஒன்று டோனரோடு, இன்னொன்று டோனரே இல்லாமல். ஷேடோவுக்கு முதலாவது, ஹைலைட்டுக்கு இரண்டாவது என்று ரிப்பில் ஸ்பிளிட் கொடுத்தால் போதும். ஆறாவது சேனலில் இன்னும் நீர்த்த ஒரு சாம்பலை ஊற்றுங்கள். வானம், தோல் போன்ற இடங்களில் புள்ளி தெரியாது. சேனல் மாற்றியதும் லீனியரைசேஷனை (டோன் படிகள் சீராக வர அளந்து திருத்துவதை) மறுபடி செய்யாவிட்டால் டோன் படி தாவும்.

நாசில்மணி:
பேஸ் என்றதும் வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். கிளிசரின் இல்லாத மை நாசில் வாயில் காய்ந்துவிடும். வெட்டிங் ஏஜென்ட் குறைந்தால் துளி சரியாக விழாது, பட்டை பட்டையாகக் கோடு வரும். மை விற்பவரிடமே கிளியர் பேஸ் கிடைத்தால் அதுவே நல்லது. டை மையை (கரையும் சாயம்) பிக்மென்டோடு (கரையாத நிறத்துகள்) கலக்கவே கூடாது. வேறு வேறு கம்பெனி பிக்மென்ட் என்றால் முதலில் கண்ணாடிக் குப்பியில் 5 மி.லி. கலந்து இரண்டு நாள் வையுங்கள். அடியில் திரிதிரியாகத் தங்கினால் அந்த ஜோடி ஆகாது. அளவை சிரிஞ்சில் எடுப்பதைவிட 0.01 கிராம் தராசு நம்பகம்.

பழைய மை டாம்பரிலும் (ஹெட்டுக்கு முன் மை தேங்கும் சிறு அறை) ஹெட்டிலும் நிற்கும். அந்தச் சேனலை மட்டும் முழுப் பக்கம் அடித்து, நிறம் மாறாமல் வரும்வரை வெளியேற்றிவிட்டுப் பிறகு வெட்ஜ் எடுங்கள்.

சாம்பல்நிறம்:
முழு நியூட்ரலுக்கே கொண்டுபோனால் நாளாக நாளாக நிறம் மாறுமா?

கர்வ்காரர்:
கார்பன் அசையாது, டோனர்தான் மங்கும். பெரும்பாலும் மெஜந்தா முதலில் போகும். அப்போது சாம்பல் பச்சைக்குச் சாயும். அதனால் பி* +1 அளவில் நிறுத்திக்கொள்வது என் வழக்கம், கண்ணுக்கு நியூட்ரலாகத்தான் தெரியும். பேப்பரில் பிரைட்னர் (வெள்ளையைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம்) இருந்தால் அது தணியும்போது வெள்ளையே மஞ்சளாகும், அதற்கு மையில் வைத்தியம் கிடையாது. பிரைட்னர் இல்லாத காட்டன் பேப்பரா என்று யுவி டார்ச் அடித்துப் பாருங்கள். நீலமாக மின்னினால் மாற்றிவிடுங்கள்.