ஆர்மில இருந்து பென்சன் வந்தவங்க பேஸ்புக்ல அரசியல் எழுதலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, நாங்க இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டம். எங்க மாமா ஆர்மில 22 வருசம் இருந்து பென்சன்ல வந்தவரு, போன கிழமை பறிச்ச கொழுந்த நிறுக்குறப்ப கிலோவ கொறச்சு வெட்டுறாங்க, சம்பளத்த பத்தி எந்த கட்சியும் வாய் தொறக்கலன்னு பேஸ்புக்ல எழுதிட்டாரு. புரொபைல் படத்துல யூனிபோம் மெடலோட நிக்கிறாரு, அதான் பயம். பென்சன வெட்டிருவாங்க, உடனே அழிச்சிருன்னு ஆளாளுக்கு போன். மாமி ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

நான் தேடி படிச்சதுல இலங்கை அரசியலமைப்புல உறுப்புரை 14ல பேச்சுரிமை இருக்கு, ஆனா 15(8)ல படையில இருக்கவங்களுக்கு ஒழுக்கத்துக்காக சட்டம் போட்டு அத மட்டுப்படுத்தலாம்னு இருக்கு. முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவோட ஜெனரல் பட்டத்த 2010ல இராணுவ நீதிமன்றம் பறிச்சதும் சேவையில இருக்கப்பவே அரசியல் செஞ்சாருன்னுதான், 2015ல திருப்பி குடுத்தாங்க. துப்பாக்கி கையில இருக்கவங்க கட்சி பேசக்கூடாது, அத நானும் ஒத்துக்கிறேன். வீட்டுக்கு வந்துட்ட ஒரு சிப்பாய் தன் தோட்டத்து ஜனங்க வயித்த பத்தி பேசினா என்ன தப்பு?

ஹட்டன், நுவரெலியா பக்கம் ஆர்மி சட்டம் தெரிஞ்ச லோயர் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, பென்சன்ல வந்த அண்ணன்மாரும் உங்க அனுபவத்த எழுதுங்க. யூனிபோம் படத்த மட்டும் எடுத்தா போதுமா? விலகுறப்ப குடுத்த கடிதம் சிங்களத்துல இருக்கு, மடிப்புல கிழிஞ்சும் போச்சு, வாசிச்சு சொல்ல முடிஞ்சவங்க இன்பொக்ஸ் வாங்க, போட்டோ அனுப்புறேன்.