ஓனர் வீட்டு நாய்க்குக் காலில் கண்ணாடி கிழித்துவிட்டது, கல்யாண வீட்டுக்கு இன்றே சொல்வதா?

கீழ்வீட்டுக்காரன் | சனி, இரவு 8.10

குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டு ஓனர் குடும்பம். அவர்கள் பெண்ணுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம், நாளைக் காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம். எல்லோரும் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய லட்டுவை எங்களிடம் விட்டிருக்கிறார்கள். ஐந்து வயது லாப்ரடார், பெண் நாய். குணத்தில் ஒரு தொந்தரவும் கிடையாது, சோறு வைத்தால் தட்டையும் தின்றுவிடுமோ என்பதுதான் ஒரே பயம்.

இன்று சாயங்காலம் அவர்கள் வழக்கமாகக் கூட்டிப்போகும் பாதையில்தான் நானும் போனேன். தெருக்கோடியில் ஒரு காலி மனை. யாரோ குடித்துவிட்டு உடைத்த பாட்டில் புல்லுக்குள் கிடந்திருக்கிறது. முன் இடது கால், அடிப்பாதத்தின் நடுவில் மெத்தென்று பெரிதாக இருக்குமே, அந்த இடத்தில் முக்கால் அங்குல நீளத்துக்குக் கிழிசல். மாடிப்படி முழுக்க ரத்தக் கால்தடம். படிக்குப் புது கிரானைட் போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, அது வேறு கதை.

தண்ணீர் ஊற்றிக் கழுவி, பையனின் பழைய ஸ்கூல் சட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். கழுவும்போது வலியில் சட்டென்று தலையைத் திருப்பியதில் பல் என் கட்டைவிரலில் பட்டுக் கீறிவிட்டது, அது பரவாயில்லை. ரத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் துணியில் சிவப்பு இன்னும் மெதுவாகப் பரவுகிறது. லட்டு கட்டை நக்கிக்கொண்டே படுத்திருக்கிறது. ஏழு மணிக்கு வைத்த சோற்றைச் சாப்பிட்டது.

காயத்தில் காபித்தூள் வைத்து அழுத்தச் சொல்கிறார் மாமியார், வைக்கலாமா? வலிக்கு டோலோ 650-இல் கால் மாத்திரை கொடுக்கலாமா? டி.டி. ஊசி வேண்டுமா? இதையெல்லாம்விடப் பெரிய குழப்பம், ஓனருக்கு இன்றிரவே சொல்வதா, முகூர்த்தம் முடிந்த பிறகா? "நல்ல காரியம் நடக்கிற வீட்டுக்குப் போன் பண்ணி ரத்தம், காயம் என்று பேசாதீர்கள்" என்கிறாள் மனைவி. அடுத்த மாதம் வாடகை அக்ரிமென்ட் புதுப்பிக்க வேண்டும், அந்த நினைப்பும் உள்ளே ஓடுகிறது.


காவிரிக்கரை | சனி, இரவு 8.22

தம்பி, பயப்படாதீங்க. எங்கள் பக்கம் நாய்க்கு அடிபட்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவோம், தானாக ஆறிவிடும். கல்யாண வீட்டுக்கு மட்டும் இப்போது சொல்லாதீங்க. இந்நேரம் மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பெண்ணைப் பெற்றவர்கள் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். தாலி ஏறட்டும், பந்தி முடியட்டும், மத்தியானம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.


மாம்பலம் அக்கா | சனி, இரவு 8.35

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலேயே நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிறேன், பல வருடமாக இதுதான் பிழைப்பு.

முதலில் உங்கள் விரல். "அது பரவாயில்லை" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு நாயின் காலைவிட அதுதான் கவலை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். கட்டுப் போட வேண்டாம். தள்ளிப்போடாமல் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். ரத்தம் வராத கீறல் என்றால் ரேபிஸ் தடுப்பூசி, ரத்தம் வந்திருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் என்கிற, உடனே எதிர்ப்புச் சக்தி தரும் ஊசியும் என்பது கணக்கு. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாட்களில் ஊசி. லட்டு வீட்டு நாய், தடுப்பூசி போட்டிருப்பார்கள், பயம் குறைவுதான். ஆனால் "போட்டிருப்பார்கள்" என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல முடியுமா? கடைசி ஊசி என்றைக்கு என்று தேதியைக் கேட்பார். அந்தத் தேதி யாருக்குத் தெரியும்? கும்பகோணத்தில் இருப்பவர்களுக்கு. ஆக, இன்றிரவு சொல்லத்தான் வேண்டும்.

இது மன்னிப்புக் கேட்கிற போன் இல்லை. தடுப்பூசிப் புத்தகம் எங்கே, எந்த டாக்டரிடம் காட்டுவார்கள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா, தையல் போட வேண்டி வந்தால் சரியா, இவ்வளவும் அவர்களிடம் இருக்கிறது. பெண்ணின் அம்மாவையோ அப்பாவையோ கூப்பிடாதீர்கள், அங்கே காவிரிக்கரை சார் சொல்வது சரிதான். வீட்டில் பையன் இருக்கிறானா, சித்தப்பா யாராவது? பெண் கழுத்தில் தாலி ஏறும்போது மேடையில் நிற்க வேண்டியிராத ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இந்த மாதிரி:

"லட்டுவுக்கு வாக்கிங்கில் முன் காலில் கண்ணாடி கிழித்துவிட்டது. சாப்பிட்டாள், விழிப்பாக இருக்கிறாள். போட்டோ அனுப்பியிருக்கிறேன். உங்கள் டாக்டர் நம்பரும் தடுப்பூசிப் புத்தகம் இருக்கும் இடமும் வேண்டும். தையல் தேவை என்றால் இன்றே போட்டுவிடலாமா? அப்பா அம்மாவிடம் எப்போது சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

நன்றாக இருக்கிறாள் என்பது முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். "கொஞ்சம் போன் பண்ணுங்க, அவசரம்" என்று மொட்டையாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள், கல்யாண மண்டபத்தில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

இனி கால். காபித்தூள் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் மனிதர்களுக்கே அதை வைத்து அழுத்துகிறோம், ஆனால் நாய் அதை நக்கும், காஃபின் நாய்க்கு விஷம். மஞ்சள் விஷமில்லை, ஆனால் திறந்த காயத்துக்குள் பொடியை அப்பிவிட்டால் உள்ளே கண்ணாடித் துணுக்கு இருக்கிறதா என்று டாக்டரால் பார்க்க முடியாது, அதைச் சுத்தம் செய்கிற வலி வேறு. டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் ஊற்றாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் நார்மல் சலைன் பாட்டில் கிடைக்கும், இல்லையென்றால் சுத்தமான குழாய்த் தண்ணீரே போதும். பீட்டாடின் இருந்தால் தண்ணீரில் கலந்து, பால் விடாத லைட் டீ நிறத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

டோலோ கூடாது. பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும், அந்த அளவை நாம் கண்ணால் பார்த்து நிர்ணயிக்க முடியாது. இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம், வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் போகலாம். வலி மருந்து வெட்னரி டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பதுதான். டி.டி. கேட்டீர்கள்: டெட்டனஸுக்கு நாய் நம்மைவிடவும் குதிரையைவிடவும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், அதனால் வெட்டுப்பட்ட உடனே நாய்க்கு டி.டி. போடும் வழக்கமில்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது: அந்தச் சட்டைத் துணியைப் பிரிக்காதீர்கள். அதன் மேலேயே மடித்த காஸ் துணி வைத்து, உள்ளங்கையால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி கிளம்பும். நனைந்தால் மேலே இன்னொன்று வையுங்கள். பாதத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சின்ன வெட்டுக்கே கொலை நடந்த வீடு மாதிரி ஆக்கிவிடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லட்டுவின் பல் ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருந்து, விரலால் அழுத்திவிட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்பினால் நல்லது. வெளுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடியுங்கள்.

தொடுவதற்கு முன் வாயைக் கட்டுங்கள். துப்பட்டாவை நீளமாக மடித்து மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, பிறகு காதுக்குப் பின்னால் கொண்டுபோய் உருவு முடிச்சு. மூச்சு வாங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். லாப்ரடார்தானே, கடிக்காது என்பார்கள். வலியில் எந்த நாயும் கடிக்கும், உங்கள் கட்டைவிரலைக் கேளுங்கள்.

பத்து பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, வாய் பிளந்த காயம், தோல் மடல் மாதிரி தொங்குகிறது, உள்ளே ஏதோ மின்னுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் இன்றே டாக்டர். உள்ளே ஆழமாகக் குத்தியிருக்கும் கண்ணாடியை நீங்கள் பிடுங்காதீர்கள். தையலை நாளைக்கு என்று தள்ளினால் கிருமி சேர்ந்துவிடும். பக்கத்தில் யாரும் கிடைக்காவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். இனிமேல் சாப்பாடு வைக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.


வேளச்சேரி லாப் அப்பா | சனி, இரவு 8.51

அக்கா சொன்னதோடு ஒன்று. லாப்ரடாரைக் கட்டோடு தனியாக விட்டுவிட்டு இரவில் தூங்கிவிடாதீர்கள். காலையில் கட்டு இருக்காது, தரையிலும் கிடக்காது. வயிற்றில் இருக்கும். துணி குடலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். கழுத்தில் மாட்டுகிற கோன் வாங்குங்கள், அது வரும்வரை யாராவது பக்கத்தில் படுங்கள்.

சொல்வது பற்றி: நான் ஓனராக இருந்தால், காலையில் சொல்லியிருந்தால்கூடக் கோபப்படமாட்டேன். ஆனால் என்னைக் கேட்காமல் தையல் போட்டிருந்தால் கொஞ்சம் யோசிப்பேன். பையனுக்கு அனுப்புவதுதான் சரி.


கீழ்வீட்டுக்காரன் | ஞாயிறு, மதியம் 1.15

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதிக் கொடுத்ததை அப்படியே ஓனர் பையனுக்கு அனுப்பினேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தான் போல, பின்னால் நாதஸ்வரச் சத்தத்தோடு வாய்ஸ் மெசேஜ் வந்தது. புத்தகம் ஷூ ரேக் மேல் டிராயரில், டாக்டர் பல்லாவரத்தில், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றான்.

டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன், உடனே கூட்டி வரச் சொன்னார். முதல் இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் போய்விட்டார்கள், மூன்றாமவர் சீட்டில் விரிக்க ஒரு பழைய பேனரை அவரே எடுத்துப் போட்டார். உள்ளே நகத்துணுக்கு அளவில் ஒரு கண்ணாடி இருந்தது. சாப்பிட்டு அதிக நேரம் ஆகவில்லை என்பதால் மயக்க மருந்து கொடுக்காமல், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டுத் தையல் போட்டார். பாதம் ஊன்றுகிற இடம் என்பதால் தையலை இரண்டு வாரம் கழித்துத்தான் பிரிப்பாராம். ஆன்டிபயாடிக், வலிக்கு மெலாக்சிகாம் சிரப், கோன்.

என் விரலில் ரத்தம் வரவில்லை. காலையில் அரசு மருத்துவமனையில் காட்டினேன். புத்தகத்தில் தேதி சரியாக இருக்கிறது, இருந்தாலும் ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். நாயை 10 நாள் கவனித்துச் சொல்லச் சொன்னார்கள்.

எட்டரை மணிக்கு ஓனர் அம்மாவே கூப்பிட்டார். பட்டுப்புடவை மாற்றக்கூட நேரமில்லை என்று சொல்லிவிட்டு லட்டுவை வீடியோவில் காட்டச் சொன்னார். கோனோடு பார்த்ததும் சிரித்துவிட்டார்.

இப்போது இரண்டு சந்தேகம். டாக்டர், ஆட்டோ எல்லாம் சேர்த்து 2,600 ஆனது. பையன் ஜிபே நம்பர் கேட்கிறான். மனைவி வாங்காதே என்கிறாள். அப்புறம், லட்டு கோனோடு தண்ணீர் குடிக்க மறுக்கிறது.


மாம்பலம் அக்கா | ஞாயிறு, மதியம் 2.05

வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்தால் அந்தப் பணம் இரு வீட்டுக்கும் நடுவில் பேசப்படாமல் கிடக்கும், அடுத்த மாதம் அக்ரிமென்ட் பேசும்போதும் கிடக்கும். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, ஆட்டோ காசைத் தனியாக எழுதுங்கள். என்னிடம் நாயை விட வருகிறவர்களிடம் நான் முதல் நாளே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவேன்: எந்த டாக்டர், கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம், நீங்கள் கிடைக்காவிட்டால் யார் முடிவெடுப்பார். முதலில் சிலருக்கு முகம் சுருங்கும். எழுதித்தான் கொடுக்கிறார்கள்.

தண்ணீர்ப் பாத்திரம் கோனைவிடக் குறுகலாக இருக்க வேண்டும், கோனின் விளிம்பு அதைச் சுற்றிக் கீழே இறங்கும்படி. ஒரு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கழற்றிக் குடிக்கவிட்டு மாட்டுங்கள். வெளியே போகும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் கவர், வந்ததும் கழற்றிவிட வேண்டும், உள்ளே வியர்த்து ஊறிவிடும். கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் வீங்கினாலோ நாற்றம் வந்தாலோ தேதி பார்க்காமல் டாக்டரிடம் போங்கள். ஈ மொய்க்க விடாதீர்கள், புழு வைத்துவிடும்.


காவிரிக்கரை | ஞாயிறு, மதியம் 2.30

சரிதான் அக்கா, கண்ணாடி உள்ளே இருந்தது என்றால் என் மஞ்சள் வேலைக்கு ஆகியிருக்காது. தம்பி, அந்தக் காலி மனையில் இன்னும் கண்ணாடி கிடக்குமே, குழந்தைகள் விளையாடுகிற இடமா? கார்ப்பரேஷனில் ஒரு புகார் போட்டு வையுங்கள்.


கீழ்வீட்டுக்காரன் | ஞாயிறு, மாலை 4.40

செங்கல் வேலை செய்தது, ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துவிட்டது. பணம் வாங்கிவிட்டேன். மனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் சார், சாயங்காலம் நானும் எதிர்வீட்டுக்காரரும் கையுறை போட்டுப் பொறுக்கப் போகிறோம். புகாரும் போட்டாயிற்று.