மறு: அசைவுப் பதிவைக் கெடுக்காமல் திருத்துவதற்கு என்ன சொல்? "மேலடுக்குத் திருத்தம்"

அனைவருக்கும் வணக்கம்.

ஆடுகிறவரின் உடம்பசைவைக் கணினியில் பதிந்து வைப்பதுதான் அசைவுப் பதிவு (மோஷன் கேப்சர்). அதைக் கெடுக்காமல் திருத்தும் முறைக்கு, அதாவது நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங்குக்கு, "அழிவில்லாத் திருத்தம்" என்று முடித்துவிடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தருமபுரியில் நாங்கள் தினமும் செய்வது இந்த வேலைதான், புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

> அழிவில்லாத் திருத்தம் – மூலப் பதிவு அழியாததால் இந்தப் பெயர் பொருந்தும்.

இதை முதல்முறை படிக்கிறவர் எதற்கு அழிவில்லை என்று எடுத்துக்கொள்வார்? திருத்தத்துக்குத்தான். ஒருமுறை செய்துவிட்டால் போகவே போகாத திருத்தம் என்று ஆகிவிடும். நடப்பது நேர்மாறு: பதிவு அப்படியே கிடக்கும், திருத்தத்தை எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம், அதுதான் இந்த முறையின் பலமே. "சிதைவிலாத் திருத்தம்", "சேதமிலாத் திருத்தம்" இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு.

இப்போது கையில் இருக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். பென்னாகரம் பக்கத்துக் கூத்துக் கலைஞர் ஒருவர் சென்சார் உடுப்பு போட்டுக்கொண்டு ஆடிய அடவுகள் நொடிக்கு 120 சட்டகம் வீதம் பதிவாகியிருக்கின்றன. 40 நொடி ஆட்டம் என்றால் 4,800 சட்டகம், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூட்டுக்கும் கீ, அதாவது அந்த மூட்டு அப்போது எப்படி இருக்கிறது என்ற குறிப்பு, இருக்கும். அவர் ஆடும்போது தோளில் புஜக்கட்டை (கூத்து வேடத்தின் தோளணி) கட்டியிருக்கவில்லை, அவர் அசைவை வாங்கித் திரையில் ஆடும் அர்ச்சுனன் பாத்திரத்துக்கோ உண்டு. அதனால் கை இறங்கும்போதெல்லாம் மேற்கை கட்டைக்குள் புகுந்துவிடுகிறது. பதிவிலேயே கைவைத்தால் அத்தனை கீயையும் நகர்த்த வேண்டும், இல்லை கீகளைக் குறைத்துவிட்டுத் திருத்த வேண்டும், குறைத்தால் பாதம் ஊன்றும்போது உடம்பில் ஓடும் அந்தச் சின்ன அதிர்வு போய்விடும். அது போனபின் கூத்தில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அதற்குப் பதிலாக மேலே காலியாக ஓர் அடுக்கை (லேயர்) போட்டு, அதில் தோள் மூட்டை 12 பாகை வெளியே திருப்பி ஒரே ஒரு கீ வைத்தால் போதும், ஆட்டம் முழுக்கக் கை அவ்வளவு விலகியே நிற்கும், அதிர்வு எதுவும் மாறாது. ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றால் நடுவில் திருத்தம், அதற்கு முன்னும் பின்னும் சுழியத்தில் ஒவ்வொரு கீ. பிடிக்கவில்லையா, அடுக்கை அணைத்துவிட்டால் பழைய ஆட்டம் அப்படியே வந்துவிடும். தையற்காரர் துணியை வெட்டாமல் சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுப்பாரே, நூலைப் பிரித்தால் பழைய அளவு திரும்ப வருமே, அது மாதிரிதான்.

ஆகவே எது அழியவில்லை என்று சொல்வதைவிட, திருத்தம் எங்கே இருக்கிறது என்று சொல்வது நல்லது. மாயா என்ற அனிமேஷன் மென்பொருளில் பதிவு "பேஸ் அனிமேஷன்" என்று அடியில் இருக்கும், திருத்தம் அதற்கு மேல் வரும். அதே மாதிரி மென்பொருளான பிளெண்டரின் நான்-லீனியர் எடிட்டரிலும் அசைவுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் அடுக்கப்படுகின்றன. அதனால் மேலடுக்குத் திருத்தம் என்கிறேன். அடியில் இருப்பதை அடிப்பதிவு என்றே சொல்லிவிடலாம்.

> ஆடிட்டிவ் லேயருக்குக் கூட்டடுக்கு?

அடிப்பதிவோடு தன் அளவைச் சேர்க்கும் அடுக்குதான் ஆடிட்டிவ் லேயர், மேலே தோளுக்குப் போட்டது அதுதான். அதற்கு இந்தப் பெயர் வைப்பதில் இரண்டு தடை. "கூட்டு" என்றால் பலர் சேர்ந்து செய்வது என்ற பொருள்தான் முதலில் வரும். அப்புறம், உள்ளே நடப்பது எப்போதும் கூட்டலும் இல்லை: சுழற்சி குவாட்டர்னியனில் (சுழற்சியை நான்கு எண்களால் எழுதும் முறை) இருந்தால் பெருக்கித்தான் சேர்க்க வேண்டும், பிளெண்டரில் பட்டைகளைச் சேர்க்க "ஆட்" இருக்கும்போதே "கம்பைன்" என்று தனியாக ஒன்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சேர்ப்படுக்கு என்றால் கூட்டினாலும் பெருக்கினாலும் பொருந்தும்.

கீழே உள்ளதைக் காட்டாமல் தன்னை மட்டும் காட்டும் ஓவர்ரைடு அடுக்குக்கு "மாற்றடுக்கு" என்று சேலத்து ஐயா சொன்னது கேட்க நன்றாக இருந்தாலும், மாற்றாக வைத்திருக்கும் இன்னோர் அடுக்கு என்று படவும் வாய்ப்பிருக்கிறது. ஊன்றிய கால் தரையில் வழுக்கும்போது இந்த அடுக்கைத்தான் போடுகிறோம். பாதம் இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும், அடியில் என்ன பதிவாகியிருந்தாலும் இங்கே தெரிய வேண்டாம் என்கிறோம். கீழே உள்ளது அழியவில்லை, மறைகிறது. மறைப்படுக்கு பொருந்தும் என்பது என் கருத்து.

அடுக்கின் வெயிட்டுக்கு "எடை" வேண்டவே வேண்டாம். சுழியத்திலிருந்து ஒன்றுவரை நகர்த்தி, திருத்தம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று வைப்பதற்கு வலு போதும். "அந்த அடுக்கோட வலுவைப் பாதியாக்கு" என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

பேக் (bake) செய்வதற்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. அடுக்குகள் எல்லாம் அடிப்பதிவோடு சேர்ந்து ஒரே பதிவாகிவிடும், அதற்குப் பிறகு எதையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. "ஒன்றாக்கல்" சொன்னால் அந்தத் திரும்பிவர முடியாத தன்மை வரவில்லை, "இறுக்கல்" வேறெதையோ நினைவூட்டுகிறது. "கரைத்தல்" எப்படி? கிருஷ்ணகிரி அண்ணன் கேம் எஞ்சினுக்கு ஏற்றுமதி செய்யும்போது தினமும் இதைச் செய்கிறவர், அவர் வாயில் எது இயல்பாக வருகிறது என்று எழுதினால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து