‘தனி உறுப்பு’ வேண்டாம், ‘தனியன்’ என்போம்

வணக்கம்.

வேதிப்பொருள்களால் கல்லீரல் கெடுவதையும், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் அதைக் காப்பதையும் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். முதல் பத்தியிலேயே இடறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ரேடிக்கல்’ (free radical) எனப்படுவதற்கு வழங்கும் சொல்லை வைத்து, ‘தனி உறுப்பு கல்லீரலைத் தாக்குகிறது’ என்று எழுத வேண்டியிருந்தது. வேதியியல் பாடநூலில் இச்சொல் தாராளமாக நிற்கலாம். உடலைப் பற்றிப் பேசும் இடத்தில் உறுப்பு என்றால் கல்லீரலும் இதயமும்தான். ‘இயங்குறுப்பு’ என்றாலும் இதே மயக்கம்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரல் செல்லுக்குள் போனதும் சைட்டோகுரோம் நொதி அதிலிருந்து ஒரு குளோரினைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சிய துண்டில் ஓர் எலக்ட்ரான் இணையில்லாமல் நிற்கிறது. இதுதான் அந்தத் ‘தனி உறுப்பு’. அது செல்சவ்வின் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்குகிறது. சவ்வு நெடுகச் சேதம் சங்கிலியாய்ப் பரவுகிறது. கூட்டத்தைப் பிரிந்து திரியும் ஒற்றை யானைக்குத் தமிழில் தனியன் என்று பெயர். இணையிழந்து, எதிர்ப்பட்டதைத் தாக்கும் இந்தத் துகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. வைணவ வழக்கில் தனியன் என்பது துதிப்பாடல். ஆனால் களம் வேறு என்பதால் குழப்பம் வராது.

அடுத்தது, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் (antioxidant) என்பதில் வரும் ‘தடுப்பான்’. என் பெரிய மனக்குறை இதில்தான். ஆக்சிஜனேற்றத்தால்தான் செல் உயிர் வாழ்கிறது. அதையே தடுத்தால் செல்லும் மாளும். வைட்டமின் ஈ அப்படிச் செய்வதில்லை. தன் ஹைட்ரஜனைத் தனியனுக்குக் கொடுத்து அடக்கி, சங்கிலியை அறுக்கிறது. அதனால் தானும் தனியனாகிறது, ஆனால் வீரியம் குறைந்த தனியன். வைட்டமின் சி அதைப் பழைய நிலைக்கு மீட்கிறது. இந்த வேலைக்குத் ‘தனியன் தணிப்பி’ என்பது என் பரிந்துரை. ‘தணிப்பான்’ என முடிக்காததற்குக் காரணம், அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பொருளுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது.

எல்லாவற்றையும் தணிப்பி என்றும் சொல்லிவிடக் கூடாது. பாராசிட்டமால் அளவு மீறும்போது விளையும் நச்சு தனியனே அன்று. செல்லில் இயல்பாகவே உள்ள குளுட்டாதயோன் என்ற காப்புப் பொருள் இருக்கும்வரை அதனோடு சேர்ந்து அடங்கிப்போகும்; அது தீர்ந்ததும் செல்லின் புரதங்களைப் பற்றிக்கொள்ளும். மருந்தாகத் தரும் அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்த குளுட்டாதயோனை ஈடுசெய்கிறது. பாராசிட்டமாலை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே இதுபோன்றவற்றையும் சேர்த்துக் குறிக்கப் பொதுச்சொல்லாகக் ‘கல்லீரல் காப்புப் பொருள்’ இருக்கட்டும். ‘காப்பி’ எனச் சுருக்கினால் குடிக்கும் காப்பிதான் நினைவுக்கு வரும்.

நச்சுக்கு முன்பே கொடுத்துச் சோதித்தால் ‘காப்பு’, பின்னர் கொடுத்தால் ‘மீட்பு’ என்று பிரித்தெழுதவும் விரும்புகிறேன். எலிகளில் நடக்கும் சோதனைகள் பலவற்றில் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அதைக் ‘குணமாக்கியது’ என்று தமிழில் எழுதுவது வாசகரைத் தவறாக வழிநடத்தும்.

‘தனியன்’ பன்மையில் ‘தனியன்கள்’ ஆவதா, ‘தனியர்’ ஆவதா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். அஃறிணை என்பதால் நான் ‘தனியன்கள்’ என்றே எழுதியிருக்கிறேன்.