முட்டை ஓட்டை அரைத்து ஹாலோ பிளாக்கில் போடலாமா?

பட்டறைக்காரன்: நாமக்கல் பக்கம் சின்னதாக ஹாலோ பிளாக் பட்டறை நடத்துகிறேன். பக்கத்து பேக்கரிக்காரர் முட்டை ஓட்டை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார், சும்மாவே எடுத்துக்கோங்க என்கிறார். அரைத்துப் போட்டு அந்த அளவுக்கு சிமெண்டைக் குறைத்தால் செலவு மிச்சமாகுமா? இல்லை, சுட்டு சுண்ணாம்பாக்கித்தான் போடணுமா? செட்டிநாட்டுச் சுவரெல்லாம் முட்டை போட்டுப் பூசியதுதான் என்று எங்கள் கொத்தனார் அடித்துச் சொல்கிறார்.

சேலம் சிவில்: செட்டிநாட்டுப் பூச்சில் சேர்த்தது வெள்ளைக்கரு, ஓடு இல்லை. அதை விடுங்கள். ஓட்டில் ஏறக்குறைய 94 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் தூள்தான். சிமெண்ட் மாதிரி தானாக இறுகாது. நைசாக இருந்தால் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கை அடைக்கும், சிமெண்டில் உள்ள அலுமினேட் என்ற சேர்மத்தோடு கொஞ்சம் வினைபுரியும், அவ்வளவுதான். அதனால் சிமெண்ட் எடையில் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் பலம் இறங்கிவிடும். இதுவும் ஓபிசி எனும் சாதா சிமெண்டுக்குத்தான். ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல், போட்ட பிபிசி சிமெண்டில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கிறது, அதன் தலையில் இதையும் ஏற்றாதீர்கள்.

சுடவே வேண்டாம். 900 டிகிரி வரை சூடு ஏற்றணும், எரிபொருள் செலவு போக கார்பனேட் எடையில் 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். அப்புறம் இதில் என்ன பசுமை?

கோழிப்பண்ணை: ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் சவ்வை யாரும் சொல்லவில்லையே. அதுவும் மிச்சமிருக்கும் வெள்ளைக்கருவும் புரதம், அப்படியே அரைத்தால் நாற்றம், ஈ, போதாததற்கு சிமெண்ட் செட் ஆவதும் தாமதமாகும். முதலில் கொரகொரப்பாக உடைத்து டிரம்மில் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள், சவ்வு மேலே வரும், ஓடு அடியில் தங்கும். மேலே வந்ததை வழித்துவிட்டு, ஓட்டை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து பல்வரைசர் என்ற அரவை மெஷினில் கொடுங்கள், 90 மைக்ரான் சல்லடையில் சலித்தது மட்டும் போதும். கையில் கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள், சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை: ஆளாளுக்கு வழி சொல்கிறீர்கள், கணக்கை யாரும் பார்க்கவில்லை. 60 கிராம் முட்டையில் ஓடு 6 கிராம் தேறும். பேக்கரியில் ஆயிரம் முட்டை உடைத்தாலும் 6 கிலோதான். 50 கிலோ மூட்டைக்கு 5 சதவீதம் என்றால் இரண்டரை கிலோ, ஆக இரண்டு மூட்டைக்குச் சரியாகப் போச்சு. மிச்சமாவது ஐந்தாறு கிலோ சிமெண்ட். அதற்குக் கழுவ ஆள், அரைக்க கரண்ட். முட்டைத் தூள் ஆலை மாதிரி ஓடு டன் கணக்கில் ஒரே இடத்தில் விழுகிற இடமென்றால் சரி, பேக்கரி மூட்டையை நம்பி இறங்காதீர்கள்.

பட்டறைக்காரன்: முட்டைத் தூள் ஆலை ஒன்றில் ஆள் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை பேக்கரி ஓட்டை வைத்து காம்பவுண்டு சுவர் பிளாக்கில் மட்டும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாமா?

சேலம் சிவில்: தாராளமாக. தூள் போடாத பிளாக்கும் அதே நாளில், அதே ஜல்லி, அதே தண்ணீரில் போடுங்கள். 28 நாள் கியூரிங் (ஈரத்தில் வைத்து இறுகவிடுவது) முடிந்ததும் இரண்டையும் பக்கத்து பாலிடெக்னிக் லேபில் அழுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் விற்பதை யோசியுங்கள்.