நோயாளர் பதிவு சிஸ்டத்தைக் கிளவுட்டுக்குக் கொண்டுபோவது – யாழ்ப்பாணத்தில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

சுன்னாகத்தான்:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் ஐடி பார்க்கிறேன். ஐடி என்றால் ரோக்கன் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சேர்வர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான் பதவி.

நோயாளர் பதிவுக்குக் கொழும்புக் கொம்பனி ஒன்று செய்துதந்த பழைய டெஸ்க்டொப் சொஃப்ட்வெயர் ஓடுகிறது. பின்னால் மைக்ரோசொஃப்டின் இலவச டேட்டாபேஸ், எஸ்கியூஎல் சேர்வர் 2012 எக்ஸ்பிரஸ். அது ஒரு டேட்டாபேசை 10 ஜிபிக்கு மேல் வளர விடாது, எங்களுடையது கிட்டத்தட்ட முட்டிவிட்டது, ஏனென்றால் ஆட்களின் படத்தையும் ஸ்கான் பண்ணிய துண்டுகளையும் டேட்டாபேசுக்குள்ளேயே திணிக்கிற மாதிரி யாரோ ஒருகாலத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். 2012க்கு மைக்ரோசொஃப்ட் 2022 ஜூலையோடு சப்போர்ட்டையும் நிறுத்திவிட்டது. இதற்குள் சாவகச்சேரியில் கிளை திறந்தாயிற்று. அங்கே பதிந்தவர் இங்கே வந்தால் புது ஆள், இங்கே பதிந்தவர் அங்கே போனாலும் புது ஆள்.

பெரிய டொக்டர் எல்லாவற்றையும் கிளவுட்டில் போடச் சொல்லிவிட்டார். கொம்பனிக்காரர் சொல்கிற வழி, இதே டேட்டாபேசை அப்படியே தூக்கி மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு வாடகைச் சேர்வரில் வைத்துவிட்டு இங்கேயிருந்து விபிஎன்னால், அதாவது இன்டர்நெட்டுக்குள் போடுகிற பூட்டின தனிவழியால், தொடுவது, மேசைகளில் வேறொன்றும் மாறாதாம். கேட்க நல்லாயிருக்கிறது, அதனால்தான் யோசனையாகவும் இருக்கிறது. இன்டர்நெட் லைன் போனால் பதிவு மேசை என்ன செய்வது? நோயாளர் விபரம் நாட்டுக்கு வெளியே போகலாமா? மும்பையா சிங்கப்பூரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கோண்டாவில் கேபிள்:

தம்பி, அந்த வழிக்கு மட்டும் ஓம் சொல்லிப்போடாதேயும்.

அந்தக் காலத்து டெஸ்க்டொப் சொஃப்ட்வெயர் எல்லாம் சேர்வர் பக்கத்து அறையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதியவை. ஒரு பதிவுப் பக்கத்தைத் திறக்க டேட்டாபேசிடம் ஒரு கேள்வி கேட்காது, ஊர்ப்பட்டியலுக்கு ஒன்று, டொக்டர் பட்டியலுக்கு ஒன்று, கட்டணத்துக்கு ஒன்று என்று அறுபது எழுபது கேள்வி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஒரு கிலோ சீனி வாங்க ஒவ்வொரு கரண்டியாகக் கடைக்கு நடக்கிற வேலை. கட்டடத்துக்குள் என்றால் ஒரு நடை ஒரு மில்லிசெக்கன்ட், யாருக்கும் தெரியாது. அதுவே 50 மில்லிசெக்கன்ட் ஆனால் அறுபது கேள்விக்கு மூன்று செக்கன்ட், அதுவும் பக்கம் திறக்க மட்டும். சேமிக்க, தேட, ரோக்கன் அடிக்க என்று வரிசையாக வைத்துப் பாரும். லைனின் வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது, இது தூரத்தின் பிரச்சினை.

சொஃப்ட்வெயரை வெப்பாக மாற்றி எழுதக் கொம்பனி தயாரில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. டேட்டாபேசோடு சேர்த்துச் சொஃப்ட்வெயரையும் அங்கேயே ஓடவிட்டு, ரிமோட் டெஸ்க்டொப்பில் திரையை மட்டும் இங்கே கொண்டுவருவது. அப்போது கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் ரோக்கன் பிரிண்டரும் பார்கோட் ஸ்டிக்கர் பிரிண்டரும் உம்முடைய மேசையில்தானே இருக்கின்றன, ரிமோட்டில் அவற்றோடு மல்லுக்கட்டத்தான் உம்முடைய நேரம் போகும். வாங்குவதற்கு முதல் அந்த இரண்டையும் வைத்துச் சோதித்துப் பாரும்.

மும்பையா சிங்கப்பூரா என்பதற்கு வரைபடத்தைப் பார்க்காதேயும். லைன் எந்தக் கேபிளால் சுற்றிப் போகிறது என்பதுதான் கணக்கு. இரண்டிலும் ஒவ்வொரு சின்ன மெஷினை எடுத்து, உங்களுடைய லைனிலிருந்தே பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அளந்து பாரும், ஊர் முழுக்க ஆட்கள் படம் பார்க்கிற நேரத்தில்.

அப்புறம் சின்ன விஷயம் ஒன்று, ஆனால் கனபேர் கோட்டை விடுகிற இடம். கரண்ட் போய் ஜெனரேற்றர் எடுக்கிறதுக்குள் கொம்பியூட்டர்களை யூபிஎஸ் தாங்கும். சுவரில் ஒரு மூலையில் தொங்குகிற ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அந்த யூபிஎஸ்ஸில் கொடுத்திருக்கிறார்களா என்று போய்ப் பாரும். அநேகமாக இல்லை. கரண்ட் பத்து செக்கன்ட் போனாலும் அந்தப் பெட்டி முழுதாக நின்று திரும்ப எழும்ப நிமிடக்கணக்காகும், விபிஎன் திரும்ப ஒட்ட அதற்கு மேல். சேர்வர் உள்ளே இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே இல்லை, கிளவுட்டுக்குப் போன அன்றே பிரச்சினை. கூடவே இரண்டாவது லைன் ஒன்று, வேறு கொம்பனியின் 4ஜி, தானாக மாறுகிற ரவுட்டரோடு. இது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நல்லூரடி:

நான் எதிர்க்கட்சி. ஏன் கிளவுட்? புதுச் சேர்வர் ஒன்று, காசு கொடுத்து வாங்கிய ஸ்டான்டர்ட் பதிப்பு, இரவில் ஒரு பக்கப் (டேட்டாவின் பிரதி) கிளவுட்டுக்கு. முடிந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டினது மறந்துபோச்சா? கிளவுட் பில் டொலரில். சேர்வரைக் கிளவுட்டில் வைத்திருந்தவர்கள் ஒன்றும் கூட்டாமலே மாதாமாதம் கூடக் கட்டினார்கள், அதையும் கார்டில் அனுப்ப வங்கியோடு மாரடித்தார்கள்.

சுன்னாகத்தான்:

நல்லூரடி அண்ணை, சாவகச்சேரி இல்லாவிட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இரண்டு இடத்துக்கும் ஒரே பதிவு வேண்டும் என்றால் சேர்வர் எங்கே இருந்தாலும் ஒரு இடம் லைனை நம்பித்தான் இருக்க வேண்டும், இல்லையா. டொலர் விஷயம் சரி, அதை டொக்டரிடம் இன்றைக்கே காட்டுகிறேன். கோண்டாவில் அண்ணை, ஃபைபர் பெட்டியைப் போய்ப் பார்த்தேன், மீன்தொட்டி மோட்டரோடு ஒரே பிளக்கில் இருக்கிறது.

பதிவுமேசை அக்கா:

நான் ஐடி இல்லை, வேறொரு இடத்தில் பதிவு மேசையில் கனகாலமாக இருக்கிறேன், ஆனபடியால் மேசைக்கு இந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

லைன் போனால் என்ன செய்வது என்று சேர்வர் வாங்கின பிறகு யோசிக்காதேங்கோ. மேசைக்கு முன்னால் நாற்பது பேர், ஒரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறா, நாங்கள் 'சிஸ்டம் இல்லை' என்று சொன்னால் அவவுக்கு அது ஒரு பதிலே இல்லை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தொகுதி நோயாளர் இலக்கத்தை முதலே ஒதுக்கி, ஸ்டிக்கராக அடித்து உறையில் போட்டு லாச்சிக்குள் வைத்துவிட வேண்டும். லைன் இல்லாத நேரம் அதிலிருந்து ஒன்றை எடுத்து கிளினிக் கொப்பியில் ஒட்டி, பெயர், வயது, போன் நம்பர், எந்த டொக்டர் என்று நாலு விஷயம் மட்டும் ஒரு தாளில் எழுதினால் ஆள் உள்ளே போகலாம். லைன் வந்தபிறகு அதே இலக்கத்தில் ஏற்றுவோம். சிஸ்டம் அந்த இலக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், தானாக வேறொரு இலக்கம் போட்டால் இரத்தப் பரிசோதனைக் குழாயில் ஒரு இலக்கம், ஃபைலில் ஒரு இலக்கம் என்று ஆகிவிடும். இதைக் கொம்பனிக்காரரிடம் வாயால் கேட்காமல் செய்து காட்டச் சொல்லுங்கோ.

பழைய இலக்கத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். எங்கள் சனம் 2009க்கு முந்தின கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவரும். அந்த இலக்கத்தை அடித்தால் ஆள் வர வேண்டும்.

பாமினிக்குப் பயந்தவன்:

எல்லாரும் லைனைப் பற்றிக் கதைக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்களுடைய வேலையில் பாதி டேட்டாவைத் துப்புரவாக்குவதுதான்.

முதலில் பெயர்கள். பழைய பதிவுகளில் தமிழ்ப் பெயர் பாமினி எழுத்துருவில் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பாமினியில் 'கமலா' என்று திரையில் தெரிவது உள்ளே எஃப், கே, வை, எச் என்ற நாலு ஆங்கில எழுத்துகள்தான். புது சிஸ்டத்தில் யுனிகோடில், அதாவது இப்போது போனிலும் வெப்பிலும் அடிக்கிற தமிழில், கமலா என்று தேடினால் அந்த ஆள் வரமாட்டா. மாற்றுவதற்குக் கருவிகள் கிடைக்கின்றன, ஆனால் பெயர்கள் இருக்கிற முழு நிரலையும் (கொலம்) கொடுத்து மாற்றினால் தொலைந்தது, ஏனென்றால் அதே நிரலில் பாதிப் பெயர்களை மேசையில் இருந்த பிள்ளைகள் உண்மையான ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள், அவையும் சேர்ந்து வாயில் நுழையாத தமிழாகிவிடும். எது பாமினி எது ஆங்கிலம் என்று முதலில் பிரிக்க வேண்டும், அதில் ஒரு பகுதியைக் கண்ணால்தான் பிரிக்கலாம். டேட்டாபேசில் அந்த நிரலின் வகை வார்ச்சார் என்றால், யுனிகோடைத் தாங்குகிற என்வார்ச்சாராக மாற்ற மறக்காதேங்கோ, இல்லாவிட்டால் யுனிகோட் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகச் சேரும்.

அடுத்தது அடையாள அட்டை. 2016இலிருந்து 12 இலக்கப் புது அட்டை. ஒரே ஆள் பழைய 9 இலக்கத்தோடு ஒரு பதிவு, புதியதோடு ஒரு பதிவு என்று இரண்டாக நிற்பார். பழையதைப் புதியதாக்குவது லேசு: முன்னால் 19, பிறகு முதல் ஐந்து இலக்கம், நடுவில் ஒரு 0, பிறகு கடைசி நாலு இலக்கம், பழையதின் கடைசியில் நிற்கிற வியோ எக்ஸோ தேவையில்லை. ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளின் வரிசை, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே பதிவில் உள்ள பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் இதை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் அந்த வரிசை எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாக எண்ணுகிறது, அதனால் சாதாரண ஆண்டில் மார்ச் 1இலிருந்து பிறந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் பிசகுகிறது என்று பயந்துவிடாதேங்கோ.

இவ்வளவு வசதி இருந்தும் அடையாள அட்டை இலக்கத்தை ஆளைப் பிரித்தறிகிற தனித்த சாவியாக வைக்காதேங்கோ. பிள்ளைகளுக்கு அட்டை இல்லை, மேசையில் தாயின் இலக்கத்தை அடித்துவிடுவார்கள், மூன்று பிள்ளையும் தாயும் ஒரே இலக்கம். நல்லூர்த் திருவிழா நேரம் கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் வருகிறவர்கள் பாஸ்போர்ட்டோடுதான் வருவார்கள். இடம்பெயர்ந்து பத்திரமெல்லாம் தொலைத்த ஆட்களில் கொஞ்சப்பேருக்குப் பிறந்த திகதி ஜனவரி 1 என்று பதிந்திருக்கும்.

ஒரே ஆள் போலத் தெரிகிற இரண்டு பதிவைக் கொம்பியூட்டர் தானாகச் சேர்க்க விடவே கூடாது. சந்தேகப் பட்டியலை மட்டும் அது தரட்டும், சேர்ப்பது ஆள். இரண்டு பதிவாக நிற்பதில் எரிச்சல் மட்டும்தான். பிழையாகச் சேர்த்தால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவரின் குறிப்பு வேறொருவரின் பெயரில் போய் நிற்கும்.

வழக்கும் கணக்கும்:

சட்டக் கேள்விக்குச் சுருக்கமாக. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நல விபரம் விசேட வகைத் தரவு. தனியார் ஆஸ்பத்திரி அதை வெளிநாட்டில் வைக்க முழுத் தடை இல்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு, அவற்றை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள், கொம்பனியின் விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். சேர்வர் யாருடையதாக இருந்தாலும் நோயாளருக்குப் பொறுப்பு ஆஸ்பத்திரிதான், ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்.

அதைவிட முக்கியம், கிளவுட் கணக்கு ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்க வேண்டும். கொம்பனியின் பெயரில் திறந்து கொடுத்தால் நாளைக்கு அவர்களோடு முறுகினால் உங்கள் நோயாளர் பட்டியல் அவர்கள் கையில். பக்கப் ஒன்று உங்கள் கட்டடத்துக்குள்ளும் இருக்கட்டும், வயர் கழற்றிய டிஸ்க்கில். அதை வேறொரு மெஷினில் திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் அது பக்கப்.

சுன்னாகத்தான்:

எல்லாருக்கும் நன்றி. டொக்டரிடம் கதைத்தேன். முதலில் யூபிஎஸ், இரண்டாவது லைன், பெயர் துப்புரவு, படங்களை டேட்டாபேசுக்கு வெளியே எடுப்பது. ரிமோட் வழியை சாவகச்சேரியில் மட்டும் பிரிண்டர்களோடு சோதிப்போம். கிளவுட் அதற்குப் பிறகு. பாமினி அண்ணை, பந்தயம் நீங்கள் வென்றுவிட்டீர்கள், கொஞ்சம் கூடுதலாகவே. இன்னும் ஒன்று, மாற்றுகிற நாளை ஒரு ஞாயிறாக வைக்கலாம் என்று கொம்பனி சொல்கிறது.

பதிவுமேசை அக்கா:

ஐயோ ஞாயிறு வேண்டாம் தம்பி. அது கொழும்பு ஒஃபீஸ்காரருக்குத்தான் லீவு நாள். அரசாங்கப் பெரியாஸ்பத்திரி டொக்டர்மார் அங்கே டியூட்டி இல்லாத நேரத்தில்தானே தனியாருக்கு வருகிறார்கள், பின்னேரமும் சனி ஞாயிறும் போயா (பௌர்ணமி) லீவும்தான் எங்களுக்குக் கூட்டம். செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள், இரவு கிளினிக் முடிந்தபிறகு தொடங்குங்கோ, அடுத்தநாள் காலமை கூட்டம் குறைவு. பழைய சிஸ்டத்தையும் நிப்பாட்டிப்போடாமல் பார்க்க மட்டும் திறந்து வையுங்கோ. திருவிழாவுக்குக் கொடியேற முதல் முடியாது போலிருந்தால் கொடியிறங்கின பிறகு பாருங்கோ.

சுன்னாகத்தான்:

சரி அக்கா, புதன் இரவு என்று எழுதிவிட்டேன். மாதம் மட்டும் இன்னும் போடவில்லை.