ஏற்காட்டில் இடம் முடிவான பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு எதற்கு?

நாகலூர்க்காரன்:
சேர்வராயன் மலையில் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கட்டடம் 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் முன் அனுமதி வேண்டும். மலைமேல் அவ்வளவு பெரிதாக யார் கட்டுகிறார்கள்? மூவாயிரம், நாலாயிரம்தான். ஒரே சரிவில் பத்து விடுதி வந்தாலும் பத்தும் தனித்தனிக் கணக்கு. ஓடை ஒன்று, ஆழ்துளைக் கிணறு பத்து! எந்தச் சரிவில் கட்டலாம், எதில் கூடாது என்று சொல்வது முழுமைத் திட்டம். முதலில் அதையே மதிப்பீட்டுக்கு உட்படுத்தினால் என்ன? ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. நம்மிடம் இல்லை.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்:
கட்டுமானத் தொழிலில் இருப்பவன், திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன். மலைப்பகுதிக் கட்டுமானங்களைப் பார்க்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஏற்காட்டுக்கு 1990-லிருந்து இருக்கிறது. மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955 சட்டம். அதுபோக வனத்துறை, கனிமவளம், வேளாண் பொறியியல் என்று ஆளுக்கொரு சான்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொந்த இடத்தில் இரண்டு அறை கட்ட வந்தார். அவர் கோப்பு ஒன்றரை வருடம் சுற்றியது. எந்த மேசையில் தூங்கியது என்று இங்கே எழுத மாட்டேன். இன்னொரு ஆய்வைச் சேர்த்தால் அவரைப் போன்றவர்கள்தான் மாட்டுவார்கள். விடுதிக்காரர் ஆள் வைத்து முடித்துக்கொள்வார்.

பூலாவரி மண்:
இன்ஜினியர் சார், நீங்கள் சொல்வது வீட்டுக்குச் சரி. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 277 கிலோமீட்டர். 2018-ல் எங்கள் பக்கம் கல் நட வந்தபோது தடம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. வேறு வழியாகப் போகலாமா, இருக்கிற சாலையையே அகலப்படுத்தலாமா என்று யாரிடம் கேட்பது? உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் நிலமெடுப்பு அறிவிக்கையை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிக்கை விடும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பதற்கு என்ன பெயர்?

வரைபடப் பித்து:
நகரமைப்பு படிக்கிறேன். பூலாவரி அண்ணன் கேட்ட கேள்விதான் இதன் மையம். ஒரு தனித் திட்டத்தை மதிப்பிடும்போது "இங்கே கட்டினால் பாதிப்பை எப்படிக் குறைப்பது?" என்றுதான் பெரும்பாலும் கேட்க முடியும். "இங்கேதான் கட்ட வேண்டுமா?" என்று கேட்கும் நேரம் அதற்குள் போய்விட்டிருக்கும். அதனால்தான் ஐரோப்பியச் சட்டம், முழுமைத் திட்டம் போன்றவற்றை வரையும் நிலையிலேயே நியாயமான மாற்று வழிகளையும் எடைபோடச் சொல்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நம் 2006 அறிவிக்கையில் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே கிடையாது. மதிப்பீட்டுக்கு எடுக்கும் அடிப்படைத் தரவும் பொதுவாக ஒரே பருவத்துக்கு, அதுவும் மழைக்காலத்தைத் தவிர்த்து. திருமணிமுத்தாறு பிறக்கும் மலையில் மழைக்காலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை அளந்தால் என்ன கிடைக்கும்? அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவரும் கட்டுபவரேதான்.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்:
தம்பி, புத்தகத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். முழுமைத் திட்டத்தை நன்றாக மதிப்பிட்டு, "இந்தச் சரிவு விவசாயம்" என்று பச்சை அடித்தாயிற்று. மறு வருடமே ஒருவர் நில வகைப்பாடு மாற்றத்துக்கு மனு போடுவார். 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே திட்டத்தைத் திருத்த வழி இருக்கிறது. சர்வே எண் சர்வே எண்ணாக, விவசாயப் பச்சை குடியிருப்பு மஞ்சளாகும். அப்புறம் உங்கள் மதிப்பீடு அலமாரியில். நான் மதிப்பீட்டுக்கு எதிரி இல்லை. பயனில்லாத காகிதத்துக்கு எதிரி.

வரைபடப் பித்து:
ஒப்புக்கொள்கிறேன், இதுதான் பலமான வாதம். ஆனால் ஐரோப்பாவில் திட்டத்தில் செய்யும் திருத்தமும் அந்தச் சட்டத்துக்குள் வரும். சின்னத் திருத்தமாக இருந்தால், கணிசமான பாதிப்பு உண்டா என்று முதலில் சலித்துப் பார்ப்பார்கள். சர்வே எண் சர்வே எண்ணாகத் திட்டத்தை மாற்றுவதைத் தடுக்க இங்கேயும் அது வேண்டும்.

கொண்டை ஊசி:
இருபது வளைவு ஏறி வந்தால், காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கிறது. அதற்கு யார் தடையின்மைச் சான்று கொடுத்தார்கள்? சரி, நீங்கள் தொடருங்கள்.

நாகலூர்க்காரன்:
இன்ஜினியர் சார், அந்த ஆசிரியர் கதை இங்கேயும் நடக்கிறது. மலைவாழ் மக்கள் வீட்டோடு ஓர் அறை சேர்ப்பதற்கே அலைகிறார்கள். திட்ட நிலையில் ஒழுங்காக ஆராய்ந்து இந்தச் சரிவில் வீடு கட்டலாம் என்று தீர்த்துவிட்டால், அவர்கள் இத்தனை மேசை ஏறத் தேவையில்லை. நான் கேட்பது கூடுதல் ஆய்வு அல்ல, முன்கூட்டிய ஆய்வு.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்:
அப்படியென்றால் பின்னால் உள்ள சான்றுகளில் சிலவற்றைக் குறைப்பார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும், நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன். குறைக்க மாட்டார்கள் என்பதுதான் என் அனுபவம். சரி, ஒன்று கேட்கிறேன். முன்கூட்டி ஆராய்வதற்கு எதை வைத்து ஆராய்வீர்கள்? சரிவு கணக்கு கிடைக்கும். ஊற்று எங்கே இருக்கிறது என்று வரைபடம் இருக்கிறதா?

நாகலூர்க்காரன்:
எங்கள் ஊரில் மூன்று ஊற்று. மூன்றும் எந்த சர்வே எண்ணில் வருகின்றன என்று எனக்குத் தெரியும். போன மாதம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு "புன்செய்", ஒன்று "தரிசு". புன்செய் என்று இருக்கும் ஒன்றுக்கு இந்த வாரம் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.